மாதம் ஒரு மிஸ்டு கால்

ஆம்பூரில் மாலை ஷிப்டு முடிந்து ஷூ கம்பெனி வாசலுக்கு வந்ததும் பெண்கள் முதலில் எடுப்பது செல்போனைத்தான். வேலை நேரம் முழுக்க அது பைக்குள் கிடந்திருக்கும். பேரணாம்பட்டு, மாதனூர் பக்கம் போகும் கம்பெனி பஸ் கிளம்புவதற்குள் பிள்ளை பள்ளியிலிருந்து வந்துவிட்டதா என்று வீட்டுக்கு ஒரு போன். பஸ் நகர்ந்ததும் பேச்சு அந்த போனைப் பற்றியே திரும்பும். எதில் சார்ஜ் நிற்கிறது, எதில் போட்டோ நன்றாக விழுகிறது, யார் வீட்டில் தவணை இன்னும் முடியவில்லை.

இளம் பெண்கள் சிலர் கையில் ஸ்மார்ட் வாட்ச்சும் ஏறியிருக்கிறது. அது கையின் அசைவை வைத்துத்தான் அடிகளை எண்ணுகிறது. நாள் முழுக்கத் தையல் மெஷின் முன் உட்கார்ந்தே கையை ஓட்டுபவருக்கு அந்த எண்ணிக்கையால் பெரிய பயன் இல்லை. அவர் எண்ணிப் பார்க்க வேண்டிய கணக்கு வேறு இருக்கிறது.

அது பி.எஃப். கணக்கு. அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் 12 சதவீதம் தொழிலாளியிடம் பிடிக்கிறார்கள். நிர்வாகமும் அதே அளவு போட வேண்டும், அதில் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போகிறது. ஒரு மாதத்துப் பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பது சட்டம். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், கணக்கில் வரவு இருக்காது என்ற நிலையும் நாட்டில் நடப்பதுதான். மகள் கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ மனுப் போடும் நாளில்தான் பலருக்கு அது தெரிய வருகிறது. 2017-இல் வந்த மத்திய அரசின் உமங் செயலியில் மாதவாரியாக வரவைப் பார்க்கலாம். ஒரு மாதம் விட்டுப் போயிருந்தால் அந்த மாதமே கேட்கலாம். ஆம்பூர் போன்ற தோல் தொழில் ஊர்களில் செல்போனால் ஆகும் உருப்படியான வேலை எது என்று கேட்டால், இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

ஆனால் செயலியைத் திறக்க ஓ.டி.பி. வேண்டும். அது யாருடைய போனுக்கு வருகிறது?

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் தாமே பயன்படுத்தும் சொந்த செல்போன் வைத்திருந்த பெண்கள் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர்தான். வேலைக்குச் சேரும்போது கணவர் எண்ணையோ தம்பி எண்ணையோ எழுதிக் கொடுத்துவிடுவது சாதாரணம். பிரௌசிங் சென்டரில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கவுன்டரில் இருப்பவர் ஓ.டி.பி. கேட்கிறார். அந்த அம்மா கணவருக்குப் போன் போடுகிறார். அவர் டேனரியில் டிரம் பக்கத்தில் நிற்கிறார், சத்தத்தில் எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிடுவதற்குள் நேரம் கடந்துவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து. ரீசார்ஜ் செய்யாமல் விட்டு இணைப்பே துண்டிக்கப்பட்டிருந்தால் இன்னும் சிக்கல்: 90 நாள் இடைவெளிக்குப் பிறகு அந்த எண் வேறொருவர் கைக்குப் போகலாம். அதற்கப்புறம் வேலூர் பி.எஃப். அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டியிருக்கலாம். ஆம்பூரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர், ஒரு நாள் கூலி போச்சு.

2025 ஆகஸ்ட் முதல் புதிதாகச் சேருபவர்களின் பி.எஃப். கணக்குக்கான 12 இலக்க யு.ஏ.என். எண்ணையும் உமங் செயலியில் முகம் காட்டித்தான் எடுக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. வேலைக்குள் நுழையும் படியிலேயே ஸ்மார்ட்போன் வந்து உட்கார்ந்துவிட்டது. அப்படியிருக்க, பதிவில் உள்ள போன் எண்ணைச் சரிசெய்யும் பாட்டைப் பெண்கள் தலையிலேயே போடுவது நியாயமில்லை. போனஸ் கொடுக்கும் வாரத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு மேசை போட்டு, தமிழும் உருதும் பேசும் ஒருவரை உட்காரவைத்து, பதிவில் இருப்பது அவரவர் எண்தானா என்று பார்த்துக் கொடுக்கலாம். பெரிய செலவில்லை.

பி.எஃப். பணத்தின் அருமை தெரியாதவர்கள் அல்ல உழைக்கும் பெண்கள். அந்தப் பணத்தை எடுப்பதற்கு வந்த கட்டுப்பாட்டை எதிர்த்து 2016 ஏப்ரலில் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். ஏப்ரல் 19-இல் மத்திய அரசு அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது.

பதிவில் உள்ள போன் எண் சரியாக இருந்துவிட்டால் ஸ்மார்ட்போன்கூடத் தேவையில்லை. பதிவு செய்த எண்ணிலிருந்து 9966044425-க்கு அழைத்தால் இரண்டு மணி அடித்து அதுவாகவே துண்டித்துக்கொள்ளும், காசு பிடிக்காது. கொஞ்ச நேரத்தில் கடைசியாக ஏறிய தொகையும் மொத்த இருப்பும் குறுஞ்செய்தியாக வந்து நிற்கும். பட்டன் போனிலும் இது நடக்கும். யு.ஏ.என். செயல்பாட்டில் இருந்து, ஆதார் போன்ற விவரங்கள் இணைந்திருந்தால் போதும். ஒவ்வொரு மாதமும் 15-ஆம் தேதி தாண்டியதும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஒரு மிஸ்டு கால் கொடுப்பது பழக்கமாகிவிட வேண்டும்.

கம்பெனி வாசலையே மிதிக்காமல், வீட்டுத் திண்ணையில் ஷூ அப்பர் தைக்கும் பெண்களுக்கு இந்த மிஸ்டு காலும் உதவாது. இவர்களைப் பற்றி பெங்களூரின் சிவிடெப் அமைப்பும் பிரிட்டன் அமைப்புகளும் சேர்ந்து 2016-இல் வெளியிட்ட அறிக்கை, ஒரு ஜோடிக்குக் கிடைத்த கூலி பத்து ரூபாய்க்கும் கீழே என்றது. அவர்களுக்கும் 2021-இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் 12 இலக்க எண் ஒன்று கிடைக்கிறது. அந்த எண்ணில் மாதாமாதம் பணம் போடும் முதலாளி என்று யாரும் இல்லை.