பழைய வெசெலா, புதிய ரைஸா? காணி உறுதியை வெளியே எடுக்கும் முன்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அன்றிலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் ஒரே கேள்வி பல வீடுகளில் கேட்கிறது. கையில் உள்ள காசுக்குப் பழைய ஹொண்டா வெசெல் ஒன்றை வாங்குவதா, கொஞ்சம் கடன்பட்டுப் புதிய டொயோட்டா ரைஸ் ஒன்றை எடுப்பதா? அல்லது வெளிநாட்டில் இருக்கும் தம்பியிடம் கேட்டு இரண்டாம் தலைமுறை வெசெலுக்கே போய்விடுவதா?

இதை வெறும் வசதி உள்ளவர்களின் கேள்வி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஒரு வீட்டில் வாகனத்துக்குப் போகும் பணம், போருக்குப் பிறகு அந்தக் குடும்பம் சேர்த்த முழுச் சேமிப்பாக இருக்கலாம். உறுதிக் காணி ஒன்று ஈட்டுக்குப் போகலாம். வன்னியில் பெரும்பாலானோரிடம் இருப்பது பேர்மிற் காணிதான். உறுதி உள்ள காணி அங்கே அரிது. அதை வைத்து வாங்கும் வாகனம் பத்து வருடத்தில் இரும்பாகிவிடும். போன காணி திரும்பாது. ஆகவே எந்த மொடல் அழகு என்பதைவிட, இன்றைய வரியும் கடனும் சந்தையும் எப்படி இயங்குகின்றன என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

நடுவில் இல்லாத ஐந்து வருடங்கள்

மற்ற நாடுகளில் இந்தக் கேள்விக்குப் பொதுவான பதில் ஒன்று உண்டு. மூன்று முதல் ஐந்து வருடம் ஓடிய, ஒருவர் கவனமாகப் பாவித்த வாகனத்தை வாங்கு என்பார்கள். முதல் சில வருடங்களில் விழும் பெறுமதியை முதல் உரிமையாளர் தாங்கியிருப்பார். ஓடக்கூடிய காலமும் நிறைய மீதமிருக்கும்.

இலங்கையில் அந்த நடுப்பகுதி இல்லை. 2020 மார்ச்சுக்கும் 2025 ஆரம்பத்துக்கும் இடையில் கார்கள் கிட்டத்தட்ட வரவேயில்லை. உள்நாட்டில் பொருத்தப்பட்ட சில மொடல்கள் மட்டும் அந்த இடைவெளியில் விற்பனைக்கு வந்தன. எனவே சந்தையில் இருப்பவை இரண்டு கூட்டங்கள். ஒன்று, தடைக்கு முன் வந்து இன்று முதுமையடைந்துகொண்டிருப்பவை. மற்றது, தடை நீங்கியபின் இன்றைய ரூபாப் பெறுமதியிலும் இன்றைய வரியிலும் வந்தவை. 2022 ஆரம்பத்தில் டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. நெருக்கடியின்போது 360 வரை போய், 2025 இல் 300 ரூபா அளவில் நின்றது. கப்பலில் இருந்து இறங்கும் ஒரே வாகனத்தின் அடக்கவிலை, வரி சேரும் முன்னரே ஒன்றரை மடங்காகிவிட்டது என்பதுதான் இதன் பொருள்.

தடைக் காலத்தில் பழைய வாகனங்களின் விலை இறங்கவில்லை, ஏறியது. 2016 இல் வாங்கியவர் அதை ஐந்து வருடம் ஓட்டி, வாங்கிய விலைக்கு மேல் விற்றார். இதனால் எங்கள் மக்களிடையே 'வாகனம் என்றால் நகைபோல, எப்போது விற்றாலும் காசு' என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டது. அந்த ஏற்றம் கதவு மூடியிருந்ததால் வந்தது. கதவு திறந்திருக்கும் வரை பழைய வாகனம் பழைய வாகனம்தான். 'விற்றால் வரும்' என்ற கணக்கில் கடன்படுபவர் இதை முதலில் மனதில் இருத்த வேண்டும்.

ஜப்பானுக்கு எவ்வளவு, அரசுக்கு எவ்வளவு?

ஒரு லீற்றர் என்ஜின் உள்ள ரைஸ் கூட ஒரு கோடி ரூபாவைத் தாண்டுவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். காரணம் ஜப்பானில் இல்லை. 2025 இல் சுங்க இறக்குமதி வரி 20 வீதமாக இருந்தது. அந்த வரியின் மேல் 50 வீத மேலதிகக் கட்டணமும் அப்போது இருந்தது. அதற்கு மேல் உற்பத்தித் தீர்வை. இது என்ஜினின் கொள்ளளவைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. ஹைபிரிட்டுக்கு ஒரு அளவு, சாதாரண பெற்றோல் என்ஜினுக்கு இன்னொரு அளவு. கொள்ளளவு ஒரு படியைத் தாண்டினால் தீர்வை பாய்ந்து ஏறும். குறிப்பிட்ட பெறுமதியைத் தாண்டும் வாகனத்துக்கு ஆடம்பர வரி வேறு. எல்லாவற்றையும் கூட்டிய தொகையின் மேல் 18 வீத வற்.

அரசின் நிலையும் விளங்காததல்ல. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாதென அறிவித்த நாடு இது. 2023 மார்ச்சில் கிடைத்த சர்வதேச நாணய நிதியத்தின் நான்கு வருட ஏற்பாடு, அரச வருமானத்தைக் கூட்டச் சொல்கிறது. வாகன வரி வேகமாகக் காசு தரும் வழி. ஆனால் அந்த வழி எல்லோர் மீதும் ஒரே மாதிரி விழுவதில்லை. கொழும்பில் வாகனம் இல்லாதவருக்கு பஸ்ஸும் ரயிலும் உண்டு. முல்லைத்தீவின் உட்கிராமம் ஒன்றில் இரவில் நோய் கண்டால் என்ன உண்டு? கடைசி பஸ் போனபின் அங்கே வாகனம் ஆடம்பரமல்ல.

இன்னொரு உண்மையும் எங்களுக்குரியது. காலோ முதுகோ காயப்பட்டவர்கள், செயற்கைக் கால் பொருத்தியவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் பல வீடுகளில் உள்ளனர். தாழ்ந்த காரில் குனிந்து இறங்கி இருப்பதும், அதிலிருந்து எழும்புவதும் அவர்களுக்குப் பெரும் பாடு. இருக்கை சற்று உயரமாக உள்ள சிறிய எஸ்.யூ.வி. இந்த வகையில் உண்மையாகவே உதவுகிறது. பகட்டுக்காகத்தான் எல்லோரும் இதைத் தேடுகிறார்கள் என்பது சரியல்ல.

முதல் தலைமுறை வெசெல்

2013 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்து 2021 வரை தயாரிக்கப்பட்டது இந்தத் தலைமுறை. 1.5 லீற்றர் ஹைபிரிட். இங்கே தடைக்கு முன் வந்து குவிந்த வாகனங்களில் ஒன்று இது. ஆகவே உதிரிப்பாகமும், கைதேர்ந்த மெக்கானிக்கும் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ கிடைப்பது இதன் பெரிய பலம். இடவசதியும் நல்லது. தரையிலிருந்து உயரம் 185 மில்லிமீற்றர்.

பலவீனம் கியர்பொக்ஸில் உள்ளது. ஏழு வேக இரட்டைக் கிளச் அமைப்பு. மின் மோட்டாரும் அதற்குள்ளேயே இருக்கிறது. 2014 இல் ஜப்பானில் இதே அமைப்புக் கொண்ட ஃபிட் ஹைபிரிட்டும் வெசெலும், கியர்பொக்ஸின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காகப் பலமுறை திரும்ப அழைக்கப்பட்டன. எனவே 2014 தயாரிப்பு ஒன்றைப் பார்க்கிறீர்கள் என்றால், அந்தத் திருத்தம் செய்யப்பட்டதா என்பதை ஸ்கான் செய்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். 2018 பெப்ரவரியில் வந்த முகமாற்றத்துக்குப் பிந்தியது கிடைத்தால் அதையே நாடுங்கள்.

கவனிக்க வேண்டியவை இன்னும் சில. விற்பவர் சொல்லும் வருடம் பெரும்பாலும் இங்கே பதிவான வருடம். 2017 இல் பதிவான வாகனம் 2014 இல் செய்யப்பட்டதாக இருக்கலாம். பதிவுப் புத்தகத்தில் தயாரிப்பு வருடத்தைப் பாருங்கள். மீற்றரில் தெரியும் கிலோமீற்றரை நம்பவேண்டாம். ஜப்பான் ஏலத் தாள் இருந்தால் சசி இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஹைபிரிட் பற்றரி காற்றால் குளிரூட்டப்படுவது. எங்கள் கிரவல் வீதிகளின் தூசி அந்தக் காற்றுவழியை அடைத்தால் பற்றரியின் ஆயுள் குறையும். காற்றுவழி கடைசியாக எப்போது துப்புரவாக்கப்பட்டது என்று கேளுங்கள்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நாட்டின் பல மாவட்டங்களை வெள்ளத்தில் மூழ்கடித்தது. நீரில் நின்ற வாகனம் துடைத்து மினுக்கப்பட்டு வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வரலாம். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், இருக்கைப் பட்டியை முழுதாக இழுத்துச் சேற்றுக் கறை தேடுங்கள், பின்பெட்டியின் அடித்தளத்தைத் திறந்து பாருங்கள். ஹைபிரிட்டில் இது இரட்டிப்பு முக்கியம். பற்றரி இருப்பது அங்கேதான்.

ரைஸ், யாரிஸ் குறொஸ், புதிய வெசெல்

இன்று இறக்குமதியாகும் பாவித்த கார் மூன்று வருடத்துக்கு மேற்பட்டதாக இருக்கக்கூடாது என்பது விதி. ஆகவே 'றீகண்டிசன்' என்று வருவனவும் புதிய தலைமுறையே.

ரைஸ் 2019 நவம்பரில் அறிமுகமானது. நீளம் 3,995 மில்லிமீற்றர், தரை உயரம் 185. ஒரு லீற்றர் டர்போ என்ஜின் வரியைக் குறைக்கிறது. இங்கே அதன் செல்வாக்குக்குக் காரணம் இதுவே. நான்கு பேருக்குப் போதும். ஐந்தாவது ஆளும் சக்கர நாற்காலியும் சேர்ந்தால் போதாது. இதை உண்மையில் தயாரிப்பது டைஹற்சு. ரைஸின் ஹைபிரிட் வகையின் பக்கவாட்டு மோதல் சோதனையில், ஒரு பக்கத் தரவை மறுபக்கத்துக்கும் சமர்ப்பித்ததாக அந்த நிறுவனம் 2023 மே மாதம் ஒத்துக்கொண்டது. அதே வருட டிசம்பரில் அதன் எல்லா வாகன விநியோகமும் நிறுத்தப்பட்டு, 2024 இல் படிப்படியாக மீண்டும் தொடங்கியது. இதனால் ரைஸை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. விற்பவர் சொல்லாத செய்தி என்பதால் சொல்கிறேன்.

யாரிஸ் குறொஸ் 2020 ஆகஸ்டில் வந்தது. 1.5 லீற்றர் மூன்று சிலிண்டர் என்ஜின், 4,180 மில்லிமீற்றர் நீளம். அதன் ஹைபிரிட் அமைப்பு டொயோட்டா நெடுங்காலமாகச் செய்துவரும் முறை. உடைய இரட்டைக் கிளச் இல்லை. ஆனால் தரை உயரம் 170 தான். மாரி காலத்தில் வன்னியின் உள்வீதிகளில் இந்த 15 மில்லிமீற்றர் வித்தியாசம் தெரியும்.

இரண்டாம் தலைமுறை வெசெல் 2021 ஏப்ரலில் வந்தது. முந்தியதன் நோய்க்கு மருந்து இதில் உண்டு. ஏழு வேக கியர்பொக்ஸை அகற்றி, இரண்டு மோட்டார் கொண்ட அமைப்பைப் போட்டுவிட்டார்கள். பெரும்பாலான நேரம் மோட்டாரே சில்லைச் சுற்றுகிறது. இயந்திரமாகப் பார்த்தால் இது முதல் தலைமுறையைவிடத் தெளிவாக மேலானது. விலையோ ரைஸை விட்டு வெகு தூரம் போய்விடுகிறது.

கடனின் கணக்கு

2025 ஜூலையில் மத்திய வங்கி, கார் மற்றும் எஸ்.யூ.வி. போன்றவற்றுக்கு வாகனப் பெறுமதியில் 60 வீதத்துக்கு மேல் கடன் கொடுக்கக்கூடாது என்று வரம்பு வைத்தது. இந்த வரம்பு மாறக்கூடியது. வாங்கும் நாளில் கேட்டறியுங்கள். ஒரு கோடி ரூபா வாகனத்துக்கு 60 இலட்சம் லீசிங், ஐந்து வருடம், உதாரணத்துக்கு 14 வீத வட்டி என்று வைப்போம். மாதத் தவணை ஏறத்தாழ 1 இலட்சத்து 39,600 ரூபா. மொத்தமாகக் கட்டுவது 83 இலட்சத்து 76 ஆயிரம். வட்டி மட்டும் 23 இலட்சத்து 76 ஆயிரம். இதற்கு மேல் காப்புறுதி, வரிப்பத்திரம், ரயர், எரிபொருள்.

எஞ்சிய 40 இலட்சத்துக்குத்தான் காணி ஈட்டுக்குப் போகிறது, அல்லது வெளிநாட்டு உறவின் கைமாற்று வருகிறது. இங்கேதான் நான் அஞ்சுகிறேன். லீசிங் முடியும்வரை முழு உரிமையாளர் நிதி நிறுவனமே. தவணை தவறினால் வாகனம் போகும். ஈடு வைத்த காணியின் கடன் அப்படியே நிற்கும். வானும் முச்சக்கரவண்டியும் ஓடி உழைக்கும். வீட்டுப் பாவனைக்கான எஸ்.யூ.வி. உழைக்காது. நுண்கடனில் சிக்கிய பெண்கள் பட்ட துன்பத்தை இதே மாவட்டங்களில் பார்த்தோம். பெரிய தொகை என்பதால் இந்தக் கடன் மரியாதையானதாகத் தெரிகிறது. நெருக்கும்போது இரண்டும் ஒன்றுதான்.

வெளிநாட்டுப் பணம் பற்றியும் ஒரு வார்த்தை. அண்ணனோ அக்காவோ ஒருமுறை அனுப்பும் காசு வாகனத்தை வாங்கித் தரும், ஆனால் மாதாமாதம் தவணை கட்டாது. அங்கேயும் வேலை போகும், பிள்ளைகள் வளரும். அவர்கள் உதவியை முற்பணத்துக்கு மட்டும் கணக்கெடுங்கள். தவணையை இங்கே வரும் வருமானத்தால் கட்ட முடியாவிட்டால் அந்த வாகனம் உங்களுக்கு அதிகம்.

என் முடிவு

கடனில்லாமல் வாங்க முடிந்தால், வருடத்தில் குறைந்த தூரமே ஓடும் வீட்டுக்கு 2018 க்குப் பிந்திய முதல் தலைமுறை வெசெல் போதும். ஆனால் கியர்பொக்ஸுக்கும் பற்றரிக்கும் என்று சில இலட்சங்களைத் தனியே ஒதுக்கி வைத்தபின் வாங்குங்கள். மாதாந்த வருமானம் உறுதியாக உள்ள, தினமும் தூரம் ஓடும் குடும்பத்துக்கு ரைஸோ யாரிஸ் குறொஸோ பொருந்தும். இரண்டாம் தலைமுறை வெசெல் நல்ல வாகனம்தான். காணியை ஈடு வைத்தால்தான் அதை எடுக்கலாம் என்றால் எடுக்க வேண்டாம். பத்து வருடத்தைத் தாண்டிய ஹைபிரிட்டை லீசிங்கில் எடுப்பதே எல்லாவற்றிலும் மோசமான வழி. தவணை முடியும் முன்னே பெரிய திருத்தச் செலவு வந்து நிற்கும்.

எங்கள் அரசியல்வாதிகளிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஒவ்வொரு வாகனத்திலும் இத்தனை வரி எடுக்கும் அரசு, உட்கிராமங்களுக்கு இரவு பஸ் ஒன்றும், காயப்பட்டவர் ஏறக்கூடிய தாழ்தள வாகனமும் ஏன் தரவில்லை? மாற்றுத்திறனாளி உள்ள வீட்டுக்கு வாகன வரியில் உண்மையான சலுகை ஏன் இல்லை? மாகாண சபைகள் தேர்தலின்றிக் கிடக்கும் நிலையில் இதைப் பாராளுமன்றத்தில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரை, காணி உறுதி அலுமாரியிலேயே இருக்கட்டும்.