புயற்காலத்தில் இருவழி ரேடியோ

2018-ம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிய கஜா புயலினால், ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன, தென்னந்தோப்புகள் அழிந்தன, மின்சாரமின்றி செல்போன் கோபுரங்களும் ஓய்ந்தன. மதகைத் திறக்கவோ, கால்நடைகளை மேட்டுக்கு ஓட்டவோ சொல்லியனுப்ப வழியில்லையெனில், நஷ்டம் இருமடங்காகும்.

இத்தகைய சமயத்திற்கு ஏற்றது வாக்கி-டாக்கி எனப்படும் இருவழி ரேடியோவே. ஆனால் வாங்குவோர் பலர் விளம்பரத்திற் கண்ட மைல் கணக்கையே நம்புகின்றனர். வெட்டவெளியில் சில மைல் எட்டும் கருவியும், தோப்பும் வீடுகளும் குறுக்கிட்டால் வெகுவாகக் குன்றிவிடும். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையில் இயங்கும், மத்திய அரசாரின் அங்கீகாரம் பெற்ற சிறு சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் வேண்டியதில்லை. அதிக சக்தியுள்ளவற்றை லைசென்ஸின்றி உபயோகித்தல் சட்டவிரோதமாகும்.

ஆகையால் நிலச்சுவான்தார்கள் தனித்தனியே இஷ்டப்படி வாங்குவதைவிட, கிராமத்தார் ஒன்றுகூடி ஒரேவிதக் கருவிகளை வாங்குவதே உசிதம். முதலில் இரண்டு மட்டும் வாங்கி, மதகு, பம்புசெட்டுக் கொட்டகை, பள்ளிக்கூட மாடி முதலிய இடங்களிலிருந்து பேசிப் பார்த்தபின் மற்றவற்றை வாங்கலாம். புயலுக்குப்பின் மின்சாரம் பல நாள் வராதாகையால், கடையிற் கிடைக்கும் சாதாரண பாட்டரிகளாலும் இயங்கும் கருவியே மேலானது. கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒன்று இருத்தல் அவசியம்.

ஐப்பசி பிறப்பதற்குமுன் யார் யாரிடம் எந்நேரத்தில் பேசுவதென நிச்சயித்து, மாதம் ஒருமுறை ஒத்திகை பார்த்துவரின், செலவழித்த பணம் வீணாகாது.