வெட்டவெளி என்று யார் சொன்னது?

ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம் வந்துவிட்டால் தமிழ்நாட்டில் குழி தோண்டாத ஊர் இல்லை. மந்திரி ஒரு கன்று, கலெக்டர் ஒரு கன்று, பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நூறு கன்று. அடுத்த வாரம் ஆடு கடித்துவிட்டுப் போனாலும், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் காய்ந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. குழி இருக்கிறது, அடுத்த வருடமும் நடலாம். கன்று பிழைத்துக்கொண்டால்தான் பல இடங்களில் சிக்கலே.

மரம் இல்லாத இடம் காலி இடம், அங்கே எந்த மரத்தை நட்டாலும் இயற்கைக்குச் செய்யும் தொண்டு என்ற நம்பிக்கையைக் கட்சி, சாதி, மத வேறுபாடின்றி எல்லோரும் வைத்திருக்கிறார்கள். எதிர்த்துப் பேசுபவர் மரம் வெட்டிக்குத் துணைபோகிறவராகத் தெரிவார். ஆனால் இங்கே மண்ணுக்கும் விலங்குக்கும் நேர்ந்த சேதத்தில் ஒரு பெரும்பங்கு, கோடரியோடு வந்தவர்களால் அல்ல, கன்றோடு வந்தவர்களால் நேர்ந்தது.

நீலகிரியின் மேல்மட்டத்தைப் பாருங்கள். அங்கே மலை மடிப்புகளில் சோலைக்காடு, மேடுகளில் புல்வெளி. காட்டை வெட்டியதால் உண்டான புல்வெளி அல்ல அது. பல்லாயிரம் ஆண்டுகளாகப் புல்லாகவே இருந்த நிலம். தோடர்களின் எருமை மேய்ந்தது அங்கேதான். வரையாடும் நீலகிரி நெட்டைக்காலியும் வாழ்வது அங்கேதான். குறிஞ்சி பூப்பதும் அந்தச் சரிவுகளில்தான். வெள்ளைக்காரர்களுக்கு அது வெறும் மேடாகத் தெரிந்தது. விறகுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து சீகை மரத்தையும் கற்பூர மரம் என்கிற தைலமரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள். அவர்கள் போன பிறகு நம்முடைய வனத்துறை அதே வேலையை இன்னும் மும்முரமாகச் செய்தது: தோல் பதனிடச் சீகைப் பட்டை, சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்குக் கற்பூர மரக் கூழ். இதே வகைப் புல்வெளி உள்ள பழனி மலையில் 1973 முதல் 2014 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு, அந்த நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டதாகக் கண்டது. போன இடத்தில் பெரும்பகுதி இன்று மரத்தோட்டம். படத்தில் பார்த்தால் பச்சைதான்.

மரம் நட்டால் தண்ணீர் பெருகும் என்பார்கள். அதற்கு நீலகிரியிலேயே, கிளென்மார்கனில், பதில் இருக்கிறது. உதகையின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம் அங்கே அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்றைப் புல்லாகவே விட்டது. மற்றதில் 59 சதவீதப் பரப்பில் 1972இல் கற்பூர மரம் நட்டது. முதல் பத்து ஆண்டுகளில் மரம் நட்ட பக்கம் ஓடைநீர் சராசரியாக 16 சதவீதம் குறைந்தது. மரத்தை வெட்டி மறுதாம்பு விட்ட இரண்டாவது சுற்றில் குறைவு ஏறக்குறைய 25 சதவீதம். இந்த மலையின் நீர் போய்ச் சேரும் பவானிசாகர் அணையை நம்பி நெல்லும் மஞ்சளும் போடும் ஈரோட்டு விவசாயிக்கு இந்தக் கணக்கை யாராவது சொன்னார்களா?

சமவெளியிலும் இதே கதை. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்தில் கொறங்காடு என்று ஒன்று உண்டு. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். காங்கேயம் மாடு உருவானது இந்த மேய்ச்சல் நிலத்தில்தான். மழை குறைந்த மண்ணில் உழவன் தலைமுறை தலைமுறையாகப் பேணிய ஏற்பாடு அது. அதை வெளியூர்க்காரர் காரில் கடந்துபோனால் ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்பார். வல்லநாட்டிலும் கோடியக்கரையிலும் இருக்கும் வெளிமான் நெடுந்தூரம் பார்த்து, ஓடித் தப்பும் விலங்கு. அதன் வெளியில் சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டால் பார்வையும் போச்சு, ஓட்டமும் போச்சு. சுனாமிக்குப் பிறகு கடற்கரையில் சவுக்கு நட்டார்கள். அடம்பும் இராவணன் மீசையும் பிடித்து வைத்திருந்த மணல்மேடு பல இடங்களில் அதற்குப் பலியானது. கடலாமை முட்டையிடும் மணல் அது.

அது பழைய தவறு, இப்போது நாட்டு மரம்தானே நடுகிறோம் என்று ஒரு பதில் வருகிறது. வேம்பும் புங்கனும் நல்ல மரங்கள்தான். ஆனால் வெளிமானின் புல்வெளியில் நெருக்கமாக நட்டால் வேம்பு தரும் நிழலும் புல்லைக் கொல்லும். மரம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது பாதிக் கேள்வி. அது நிற்கப்போகும் இடத்தில் ஏற்கெனவே என்ன இருக்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

கேட்காததற்குக் காரணம் உண்டு. வரி தராத நிலத்தைத் தரிசுக் கணக்கில் எழுதிய கம்பெனிக் காலத்து வருவாய்ப் பார்வை இன்னும் போகவில்லை. மத்திய அரசின் பாழ்நில வரைபடத் தொகுப்பு புதர்க்காட்டைக்கூடப் பாழ்நிலத்தில்தான் சேர்க்கிறது. 1988ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கை நாட்டில் மூன்றில் ஒரு பங்கு மரப்போர்வை வேண்டும் என்றது. 2022இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் மாநிலத்தின் 23.7 சதவீதத்தைப் பத்தாண்டில் 33 ஆக்கப் பார்க்கிறது. வீடும் வயலும் சாலையும் போக மீதி எங்கே? மேய்ச்சல் புறம்போக்கும் புதர்க்காடும்தான் கண்ணுக்குப் படும். ராமநாதபுரத்தின் பொட்டலுக்கும் வால்பாறையின் மழைக்கும் ஒரே சதவீதக் கணக்கு ஆகாது.

காற்றிலுள்ள கரியைப் பிடிக்க மரம் வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் புல்வெளி தன் கரியைப் பெரும்பாலும் மண்ணுக்கடியில் வைத்திருக்கிறது. தீ வந்தால் தோட்டத்து மரம் எரியும், வேர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் தங்கிவிடும். தெருவோரம், வாய்க்கால் கரை, வெட்டப்பட்ட காடு இங்கெல்லாம் நடுவதை யாரும் தடுக்கவில்லை. சீகைத் தோட்டங்களை ஒரே மூச்சில் அழிப்பதும் அறிவீனம்தான்: அடர்ந்த நிழலடியில் சில இடங்களில் சோலை மரக்கன்றுகள் முளைத்திருக்கின்றன, மொட்டையடித்தால் வேறொரு அந்நியப் புதர் வந்து உட்காரும். 2022இல் அரசு வெளியிட்ட அந்நியத் தாவரங்களுக்கான கொள்கையை நிதானமாக, சரிவு சரிவாகப் பார்த்துத்தான் செயல்படுத்த வேண்டியிருக்கும்.

புதுக்கோட்டையில் வனத்தோட்டக் கழகத்தின் ஆர்.எஸ்.பதி என்கிற தைலமரத் தோப்புகள் பல ஊர்க் கண்மாய்களுக்கு மேலே நிற்கின்றன. மரத்துக்கு ஈரம் தங்க வேண்டும் என்று குறுக்கே வரப்பு போட்டிருப்பதால் வரத்து நீர் கண்மாய்க்கு இறங்குவதில்லை என்பது அங்குள்ள விவசாயிகளின் பல்லாண்டுப் புகார். அவர்கள் புதிய கன்று எதையும் கேட்கவில்லை. வரப்பை உடை, தைலமரத்தை எடு என்று கேட்கிறார்கள்.