நீரோட்டமும் சொல்லோட்டமும்

அண்மையில் இரண்டாமாண்டு மாணவர்களுக்கு மொழிபெயர்ப்புப் பயிற்சி ஒன்றினை அளித்தேன். அந்த ஆங்கிலப் பகுதியில் 'ஃப்ளோ' என்னும் சொல் ஐந்து இடங்களில் வந்திருந்தது. ஆற்றுநீர், கண்ணீர், மின்சாரம், பணம், மேடைப்பேச்சு ஆகிய ஐந்துக்கும் ஆங்கிலம் அந்த ஒரு சொல்லையே ஆண்டிருந்தது. மாணவருள் பெரும்பாலோர் ஐந்து இடங்களிலும் 'ஓட்டம்' என்றே எழுதியிருந்தனர். 'கண்ணீர் ஓட்டம்', 'பண ஓட்டம்' என்பவற்றில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் தமிழ் மரபு இல்லை. கண்ணீர் வழியும், மின்சாரம் பாயும், பணம் புழங்கும், பேச்சு தங்கு தடையின்றிச் செல்லும். வீட்டில் நாள்தோறும் இவ்வாறே பேசும் மாணவர்கள், எழுதுகோலைக் கையிலெடுத்ததும் இவற்றை மறந்துவிடுகின்றனர். அப்பயிற்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

ஒரு நீருக்குப் பல வினைகள்

நீரின் இயக்கத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் பலவாகும். ஊறுதல், சுரத்தல், கசிதல், சொட்டுதல், ஒழுகுதல், வழிதல், வடிதல், ஓடுதல், பாய்தல், பெருகுதல் என அவை விரியும். இவற்றைப் 'பொருள் ஒன்று, சொல் பல' என்று கருதிவிடலாகாது. ஒவ்வொரு சொல்லும் நீரின் ஒவ்வொரு நிலையைச் சுட்டுவதாகும்.

மண்ணுக்குள்ளிருந்து மெல்ல மேலெழுவது ஊறுதல். இடையறாது இழைபோல் இறங்குவது ஒழுகுதல். ஆதலால் மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது. நிறைந்த கலத்தின் விளிம்பைக் கடப்பது வழிதல். நின்ற நீர் குறைந்து நீங்குவது வடிதல். ஆதலால் வெள்ளம் வடிகிறது, கஞ்சியை வடிக்கிறோம். விசையோடு செல்வது பாய்தல்; வயலுக்கு நீரும் பாயும், இரையின் மீது புலியும் பாயும். அளவில் மிகுவது பெருகுதல். ஆடிப்பெருக்கும் கணக்கிலுள்ள பெருக்கலும் அதிற் பிறந்தவையே.

இலக்கண நூலாரும் நீரின் போக்கைக் கொண்டே மொழியின் போக்கை விளக்கினர். சூத்திரங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து அமையும் நிலையை நன்னூலார் 'ஆற்றொழுக்கு' என்றார். பொருள்கோள் எட்டனுள்ளும் ஒன்றற்கு யாற்றுநீர் என்றே பெயர். அவையனைத்திற்கும் மேலாக, மனிதனின் நன்னடத்தைக்கு 'ஒழுக்கம்' எனப் பெயர் வைத்த மொழி இது. ஒரு நாள் நல்லவனாக இருந்து மறுநாள் மாறிவிடுவது ஒழுக்கமன்று. நீர்போல் இடையறாது ஒரு நெறியிற் செல்வதே ஒழுக்கம்.

அரபு மொழியிலும் இத்தகைய இயைபு ஒன்று உண்டு. 'ஜாரியா' என்றால் ஓடிக்கொண்டிருப்பது என்று பொருள். சுவனச் சோலைகளின் கீழே ஆறுகள் ஓடுவதாகத் திருமறை கூறுமிடங்களில் வரும் வினையும் இவ்வேரினின்று தோன்றியதே. ஒருவர் மறைந்த பின்னரும் பயன்தந்து கொண்டிருக்கும் அறத்தினை 'ஸதக்கா ஜாரியா' என்கிறோம். கிணறு வெட்டுவதும் கல்விக்கூடம் அமைப்பதும் அவ்வகை அறங்களேயாம். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் உமறுப்புலவர் அரபு நாட்டை வருணிக்கும்போது, மழையும் ஆறும் வயலும் நிறைந்த தமிழ் மருதநிலமாகவே அதனைக் காட்டுகின்றார். பாலைவெளியையும் நீர்ச்சொற்களால் செழிக்கச் செய்த புலமை அது.

காஞ்சியின் நீர்

நம் ஊருக்கும் இச்சொற்களுக்கும் நெருங்கிய உறவு உண்டு. காஞ்சியின் ஆறு விரைவினாலேயே வேகவதி எனப் பெயர் பெற்றது. அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. நீரைப் பேணுவதற்கென்றே ஊரார் ஒரு குழுவைத் தேர்ந்தெடுத்த மண் இது. மதகு, கலங்கல், வாய்க்கால் என்பன அன்று எழுத்தறியாத உழவரும் அறிந்த சொற்களாயிருந்தன.

இன்றைய நிலை வேறு. வேகவதி ஆண்டின் பெரும்பகுதியில் கழிவுநீரைச் சுமந்து கிடக்கிறது. நந்திமலைப் பகுதியில் தோன்றி 348 கிலோமீட்டர் கடந்து கடலை அடையும் பாலாறும் பெரும்பாலும் மணல்வெளியாகவே காட்சி தருகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, செவிலிமேட்டுப் பாலத்தருகே ஊரே திரண்டு நின்றது. என் அருகில் நின்ற முதிய உழவர் ஒருவர், "ஆறு வந்திருக்குது, ரெண்டு கரையும் பொரளுது" என்றார். அவருடைய பேரன் கைப்பேசியில் யாரிடமோ, "ஃப்ளோ ஜாஸ்தியா இருக்கு" என்றான். அவனைக் குறை சொல்வதற்கில்லை. ஆறு வருவதை அவன் கண்டதில்லை. காணாத பொருளுக்குச் சொல் எங்ஙனம் வாய்க்கும்?

எது ஓட வேண்டும்?

ஈண்டு நம்மவரை நோக்கியும் ஒரு சொல் கூற வேண்டியுள்ளது. பாலாற்றின் மேற்பகுதியில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. நம் சமுதாயத்தார் பலர் அத்தொழிலில் உயர்ந்தனர். அதன் ஈட்டத்தால் கல்விக்கூடங்களும் எழுந்தன. அது மறக்கொணா அறம். எனினும் அத்தொழிலின் கழிவு ஆற்றையும் கிணறுகளையும் கெடுத்தது என்பதும் மறுக்கவொண்ணாத உண்மை. 1996 இல் உச்சநீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றின் மாசு குறித்து மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில் அழிய வேண்டும் என்பது என் கருத்தன்று. ஆனால் அறம் ஓடுவதுபோலக் கேடும் ஓடும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். கொடுத்தவர் மறைந்த பின்னரும் கொடை நன்மை தருகிறது. விட்டவர் மறைந்த பின்னரும் கழிவு நிலத்தடியில் தங்கித் தீமை தருகிறது. நீரை எவ்வாறு ஒழுகவிடுகிறோம் என்பதும் ஒழுக்கத்தின்பாற் பட்டதே.

செய்யத்தக்கவை சில உள. மொழிபெயர்க்கும் மாணவர்கள் அகராதியின் முதற் பொருளோடு நின்றுவிடாது, 'இதை என் வீட்டில் எவ்வாறு சொல்வோம்?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். ஏரிக்கரை ஊர்களின் முதிய உழவர்களிடமும், பட்டுநூலுக்குச் சாயமிட்டு அலசும் தொழிலாளரிடமும் வழங்கும் நீர்ச்சொற்களை நம் துறை மாணவர்கள் தொகுக்க முன்வர வேண்டும். கோடை விடுமுறையில் ஒருவர் ஓர் ஊருக்குச் சென்றாலே போதும். ஓராண்டில் ஒரு சிறு சொற்றொகுதி உருவாகிவிடும். சமுதாயப் பெரியோர் அதனை அச்சேற்ற உதவலாம். அறிவும் ஓடிக்கொண்டிருக்கும் அறமே அன்றோ?

சொல்லை மட்டும் ஏட்டில் காத்து ஆற்றைக் கைவிட்டோமாயின், ஒழுகுதலும் பாய்தலும் அகராதிக்குள் உறங்கும் பழஞ்சொற்களாகிவிடும். ஆற்றைக் காத்தால், சொல்லை மக்களே காத்துக்கொள்வர். இரண்டையும் காப்பது நம் கடன்.