உறுமி அடிக்கும் பையன்கள் ராக் குழு அமைத்தால் என்ன?

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் உள்ள காஹாங்கை, எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்குப் போகும் வழி என்றே பலர் அறிவார்கள். சுற்றிலும் செம்பனை. இங்கிருந்து நான்கு பள்ளிப் பையன்கள் கித்தாரும் டிரம்ஸுமாகக் கிளம்பி, சொந்தப் பாட்டால் பெயர் வாங்குவார்கள் என்றால் சிரிப்பவர்களே அதிகம்.

1994-இல் ஆஸ்திரேலியாவின் நியூகாசலில் இது நடந்தது. நிலக்கரியும் இரும்பாலையும் சோறு போட்ட ஊர் அது. டேனியல் ஜோன்ஸ், பென் கில்லிஸ், கிறிஸ் ஜோவானு ஆகிய மூவருக்கும் அப்போது 14, 15 வயது. கில்லிஸ் வீட்டுக் கார் கொட்டகைதான் பயிற்சி இடம். எஸ்பிஎஸ் தொலைக்காட்சியும் டிரிபிள் ஜே வானொலியும் நடத்திய போட்டிக்கு 'டுமாரோ' என்ற தங்கள் பாடலைப் பதிவு செய்து அனுப்பி, வென்றார்கள். வானொலியின் ஒலிப்பதிவுக் கூடத்தில் அந்தப் பாட்டை முறையாகப் பதிவு செய்யும் வாய்ப்பும் அதற்கொரு காணொளியும்தான் பரிசு. பாட்டு வெளிவந்து ஆஸ்திரேலியப் பட்டியலில் 6 வாரம் முதலிடத்தில் நின்றது. 'சில்வர்சேர்' என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 'ஃபிராக்ஸ்டாம்ப்' 1995-இல் அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 9-ஆம் இடம் வரை போனது.

திறமை இருந்தது, சரி. ஆனால் போட்டியை நடத்திய இரண்டுமே பொது ஒலிபரப்பு நிறுவனங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய கம்பெனி தேடி வருவதற்கு முன்பே, ஊர் பேர் தெரியாத பையன்களுக்குப் பொது நிறுவனம் கதவைத் திறந்துவிட்டது.

நம் பக்கம் பார்ப்போம். ஜோகூர் மண்ணில் ராக் வளராது என்று சொல்ல முடியாது; 'சர்ச்' குழு 1981-இல் ஜோகூர் பாருவில்தான் தொடங்கியது. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குழு இசை வராது என்றும் சொல்ல முடியாது. பினாங்கின் ஆறுமுகம் சகோதரர்கள் டேவிட்டும் லோகநாதனும் 'அலிகேட்ஸ்' குழுவில் மலாய்ப் பாடல்கள் பாடி நாடு முழுக்கப் புகழ் பெற்றார்கள். தோட்டங்களில் திருவிழா வந்தால் உறுமி மேளம் கட்டுவதும் இதே வயதுப் பையன்கள்தாம். நேரம் பார்த்துக் கூடுவது, தாளம் தப்பினால் ஒருவரையொருவர் திட்டிக்கொள்வது, காசு போட்டு மேளம் வாங்குவது எல்லாம் அவர்களுக்குப் பழகிப்போனவை. ஒரு குழுவுக்கு வேண்டிய பாதி வேலை அது.

அப்படியிருந்தும் தமிழில் ராப் வளர்ந்த அளவுக்கு ராக் வளரவில்லை. யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' 2006-இல் தமிழ்நாடு வரை பேசப்பட்டது. ராப்புக்கு ஒரு கணினி, ஒரு மைக், ஓர் அறை போதும். ராக் குழுவுக்கோ டிரம்ஸ், மின் கித்தார், பெருக்கி என்று செலவு. அதைவிடப் பெரிய சிக்கல் சத்தம். லயத்து வீட்டிலும் மலிவு விலை அடுக்குமாடியிலும் பக்கத்து வீட்டுக்காரர் எத்தனை நாள் பொறுப்பார்? கார் கொட்டகை என்பது சாதாரண வசதி அல்ல. மாலையில் பூட்டிக் கிடக்கும் பாலாய் ராயாவை வாரம் இரண்டு நாள் திறந்துவிட்டால் அந்தக் குறை பாதி தீரும்.

மீதிப் பாதி வானொலி பக்கம் இருக்கிறது. நம் பாட்டுப் போட்டிகள் பெரும்பாலும் சினிமாப் பாட்டை யார் நன்றாகப் பாடுகிறார் என்று பார்க்கின்றன. தனி ஆளுக்குத்தான் மேடை. ஆர்டிஎம்மின் மின்னல் எஃப்.எம். பள்ளி மாணவர் குழுக்களிடம் சொந்தப் பாட்டைக் கேட்டு, வென்றவர்களுக்குக் கூடத்தைத் திறந்துவிட்டால், காஹாங் பையனும் குளுவாங் பையனும் கைப்பேசியில் பதிந்து அனுப்பிப் பார்ப்பார்கள்.

"எஸ்பிஎம் என்னாகும்?" என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சிறு வயதில் வந்த புகழ் டேனியல் ஜோன்ஸையும் வாட்டியது. உணவை ஒதுக்கும் நோயில் தவித்ததை அவரே பின்னர் வெளிப்படையாகப் பேசினார். ஆனால் அந்த மூவரும் படிப்பை விடவில்லை. பெரிய பயணங்கள் பள்ளி விடுமுறையை ஒட்டியே அமைந்தன, பெற்றோர் கூடவே போனார்கள். மூன்றாவது ஆல்பத்துக்கு முன், 1997 இறுதியில் மூவரும் பள்ளியை முடித்தார்கள்.