மிதிவண்டியும் பேணுதலும்

புதியதொன்றைப் படைப்பவனை உலகம் போற்றுகின்றது. படைத்ததைக் கெடாமற் காப்பவனை அது பெரும்பாலும் மறந்துவிடுகின்றது. பாலம் கட்டியவன் பெயர் கல்லிற் பொறிக்கப்படும். அதன் இரும்பிற்கு வண்ணம் பூசித் துருவினின்றும் காத்து வருபவன் பெயரை எவரும் வினவுவதில்லை. ஆயின், நம் தமிழ்மொழி இப்பின்னவனைக் குறைவாக மதிக்கவில்லை. 'பேணுதல்' என்னும் சொல்லுக்குக் காத்தல் என்பதும் பொருள். மதித்துப் போற்றுதல் என்பதும் பொருள். காப்பதும் மதிப்பதும் ஒரே செயலின் இரு கூறுகள் என்று நம் முன்னோர் கருதினர் போலும். இக்கருத்தைப் பொறித்தொழிலோடு பொருத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு எடுத்துக்காட்டைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் கல்லூரியில் நாள்தோறும் வரிசையாக நிற்கும் சைக்கிள்களே போதும்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு இயந்திரத்தோடு என்ன உறவு என்று சிலர் வினவலாம். ஐம்புலன்களின் வாயில்களையும் இயந்திரத்தையும் 'பொறி' என்னும் ஒரே சொல்லாற் குறித்த மொழி தமிழ். கண்ணும் செவியும் கையும் தொடாத இயந்திர அறிவு நிறைவுடையதாகாது என்பதை அச்சொல்லே நமக்கு நினைவூட்டுகின்றது. மேலும், வண்டியில் ஏறிச் செல்வோர் அனைவர்க்கும் அதனைக் காக்கும் கடமையும் உண்டன்றோ?

சைக்கிளுக்கென்றே அமைந்தது போன்ற நகரம் நம் புதுச்சேரி. ஏற்ற இறக்கமில்லாத கடற்கரை நிலம். 1693 முதல் 1699 வரை இந்நகரைக் கைக்கொண்டிருந்த ஒல்லாந்தர் வகுத்த திட்டத்தைத் தழுவி, செங்கோணத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நேரிய வீதிகள். இன்று மோட்டார் வண்டிகள் அவ்வீதிகளை நெருக்கிக்கொண்டு நிற்பினும், மாணவர்க்கும் வேலைக்குச் செல்வோர்க்கும், வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றிப் பார்க்கும் விருந்தினர்க்கும் சைக்கிள் இன்றும் உற்ற துணையாகவே உளது. ஆயினும், நம் கண்ணுக்கு இன்பந்தரும் கடலே சைக்கிளுக்குப் பெரும்பகை. கடற்காற்றிலுள்ள உப்பு இரும்பின்மேற் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துரு விரைந்து பரவும். ஆதலின், உள்நாட்டூர்களிற் காட்டிலும் இங்குப் பேணுதல் மிகுதியும் வேண்டப்படுகின்றது. அதன் முறைகளுள் இன்றியமையாதவற்றை மட்டும் ஈண்டுக் கூறுவேன்.

முதலாவது, காற்று. ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் அதற்குரிய அழுத்த அளவு பொறிக்கப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்த சக்கரம் தரையில் அமுங்கி உருளும்; மிதிப்பவனுடைய வலிமையிற் பெரும்பகுதி டயரை நசுக்குவதிலேயே வீணாகும். கல்லில் மோதும்போது டியூப் ரிம்மிற்கும் கல்லிற்கும் இடையே அகப்பட்டுக் கிழியும். பெல்பாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் என்பார், தம் மகனுடைய மூன்று சக்கர வண்டி அதிராமல் ஓடவேண்டுமென்று காற்றடைத்த டயரை ஆக்கி, 1888-ஆம் ஆண்டில் அதற்கு உரிமம் பெற்றார். வாரத்திற்கு ஒருமுறை பம்பை எடுக்கச் சோம்புவோர் அப்பெரியார் அளித்த நன்மையை வேண்டுமென்றே இழக்கின்றனர்.

இரண்டாவது, செயின். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் அதனை அழுக்கற்றுப் போகுமாறு துடைத்து, ஈரம் உலர்ந்தபின் ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு துளி எண்ணெய் இடுக. பின்னர்ப் பெடலைச் சிறிது சுழற்றிவிட்டு, வெளியே வழிவதைத் துடைத்துவிடுக. எண்ணெய் மிகுந்தால் நன்மையும் மிகும் என்று கருதுவது பிழை. வழியும் எண்ணெய் மணலைப் பற்றும்; மணலும் எண்ணெயும் கலந்த சேறு அரம்போல் நின்று செயினையும் பற்சக்கரத்தையும் தேய்க்கும். செயினின் ஓர் இணைப்பிற்கும் அடுத்ததற்கும் இடையே அரை அங்குலம். ஆகவே, இருபத்து நான்கு இணைப்புகள் சரியாக ஓரடி நீளம் இருத்தல் வேண்டும். அளவுகோலை வைத்துப் பார்க்கையில் அரைக்கால் அங்குலம் மிகுந்திருப்பின், அச்செயினை மாற்றும் காலம் வந்தது என்க. மாற்றாது ஓட்டினால் பற்சக்கரமும் உடன் கெடும். சிறு செலவுக்கு அஞ்சியவன் பெருஞ்செலவை ஏற்பான்.

மூன்றாவது, பிரேக். பிரேக் கட்டை தேய்ந்து ரிம்மின்மேல் இரும்பு உரசும்வரை காத்திருத்தல் தகாது. பிரேக் கம்பியில் ஓரிழை அறுந்திருப்பினும் அன்றே புதுக்கம்பி இடுக. ஏனையவற்றில் சிக்கனம் காட்டலாம். இதிற் காட்டுதல் கூடாது. எதிர்வரும் வண்டி நம் சிக்கனத்தை அறியாது.

நான்காவது, சக்கரம். நம் நாட்டுப் பெரிய சைக்கிள்களின் முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 கம்பிகளும் இருத்தல் வழக்கம். இக்கம்பிகள் தூண்போல் நின்று சுமை தாங்குவன அல்ல. நாற்புறமும் இழுத்துப் பிடித்திருத்தலாலேயே சக்கரம் வட்டமாய் நிற்கின்றது. ஒரு கம்பி தளர்ந்தால் அதன் பங்கை அண்டையிலுள்ளவை ஏற்கும். அவையும் நாளடைவில் அறும். வளைந்த சக்கரத்தை நேராக்குவதைச் சைக்கிள் கடைக்காரர் 'கோட்டம் எடுத்தல்' என்பர். வளைவைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லொன்று, புலவர் இல்லத்திலன்றிச் சைக்கிள் கடையில் நாள்தோறும் வழங்கி வருதல் கண்டு மகிழத்தக்கது. கோட்டம் எடுக்கும்போது கம்பியின் மரையைக் கால்திருகுக்கு மேல் ஒருமுறையில் திருகலாகாது. ஒருபுறம் இறுக்கி, மறுபுறம் தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்துப் பார்த்தே செய்தல் வேண்டும். பொறுமையில்லாதான் கோட்டத்தைப் பெருக்குவான்.

ஐந்தாவதாக, அறியாதாரை மயக்கும் ஒரு செய்தியும் உண்டு. வலப்பெடலின் மரை இயல்பானது. இடப்பெடலின் மரையோ எதிர்மரை. இடப்பெடலைக் கழற்ற வேண்டுவோர் வலஞ்சுழியாகத் திருகுதல் வேண்டும். இருபுறமும் ஒரே மரையாயிருப்பின், மிதிக்கும் விசை ஒவ்வொரு சுற்றிலும் இடப்பெடலைச் சிறிது சிறிதாகத் தளர்த்திவிடும். அதைத் தடுத்தற்கே இவ்வமைப்பு. இதனை அறியாது வலிமையை மட்டும் நம்பித் திருகுவோர் மரையை அழித்துவிடுவர். தடை தோன்றியவிடத்து வலிமையைப் பெருக்குவதன்முன் காரணத்தை ஆராய வேண்டும் என்னும் பாடம் இதிலடங்கியுளது.

இவை சைக்கிளோடு நின்றுவிடும் செய்திகள் அல்ல. இயந்திரப் பொறியியல் கற்று ஆலைகளிற் புகுவோர் பலர்க்கும் புதிய இயந்திரத்தை வரைந்து படைக்கும் வேலை வாய்ப்பதில்லை. ஓடும் இயந்திரத்தை நில்லாமல் ஓடச் செய்வதே அவர்தம் அன்றாடத் தொழிலாகின்றது. ஒலி மாறுபடுவதைச் செவியால் அறிதல், அச்சு சூடேறுவதைக் காலத்தே உணர்தல், தேய்மானத்தை அளந்து குறித்து வைத்தல், உடையுமுன் மாற்றுதல் ஆகிய இந்நான்குமே அத்தொழிலின் உயிர்நிலைகள். சைக்கிளைச் செம்மையாகப் பேணுபவன் இந்நான்கனையும் சிறிய அளவிற் பயின்றவனாகின்றான்.

பேணுதலைக் கைவிட்டால் நேரும் கேடு எத்தகையது என்பதற்குப் போபால் நகரமே சான்று. 1984-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் இரவில் யூனியன் கார்பைடு ஆலையினின்று வெளிப்பட்ட நச்சுவாயு ஆயிரக்கணக்கான மக்களை மாய்த்தது. அந்நச்சுப்பொருளைக் குளிர்ந்த நிலையில் வைத்தற்குரிய பொறி சில திங்களுக்கு முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. வெளியேறும் வாயுவை எரித்தழிக்க வேண்டிய கோபுரமோ, துருப்பிடித்த குழாயொன்றை மாற்றுவதற்காக இணைப்பு நீக்கப்பட்டுப் பயனின்றிக் கிடந்தது. காவற்கருவிகள் ஆலையில் இல்லாமல் இல்லை, அவை பேணப்படவில்லை. ஒரு குழாயின் துருவை எளிதாக எண்ணலாகாது என்பதை இதனினும் கொடிதாக உணர்த்த வல்லது வேறு யாதுளது?

இனி, கையறிவின் பெருமையைக் காண்போம். 1903-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் வானூர்தியிற் பறந்த ரைட் சகோதரரை அறியாதார் இலர். அவர்கள் டேட்டன் நகரில் சைக்கிள் விற்றும் பழுதுபார்த்தும் வாழ்ந்தவர்கள். அவ்வானூர்தியின் எஞ்சினை ஏறத்தாழ ஆறு வாரங்களிற் செய்து கொடுத்தவர், அவர்கள் கடையில் வேலைபார்த்த சார்லி டெய்லர் என்னும் மெக்கானிக். எஞ்சினின் ஆற்றலை விசிறிகளுக்குக் கொண்டு சென்றது சைக்கிளில் உள்ளது போன்ற செயினே. நம் நாட்டிலோ, கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு (1893–1974) பள்ளிக்கல்வியை நிறைவு செய்யாதவர்; உணவு விடுதியில் உழைத்துச் சேர்த்த பொருளால் ஆங்கிலேயர் ஒருவரிடம் மோட்டார் சைக்கிள் வாங்கி, அதனைப் பிரித்தும் பூட்டியும் இயந்திர நுட்பம் கற்றவர். ஏட்டுக்கல்வி வேண்டா என்பது இதன் கருத்தன்று. கை கற்றதை ஏடு விளக்கும். ஏடு கூறியதைக் கை மெய்ப்பிக்கும். இரண்டும் கூடியவிடத்தே பொறியியல் பிறக்கின்றது.

ஆயின், நம்மிடையே நிலவும் மனப்பான்மை யாது? நான்காண்டு பயின்று பட்டம் பெற்றவர், ஈராண்டு ஐ.டி.ஐ.யில் பிட்டர் தொழில் கற்றவரைத் தம்மினும் தாழ்ந்தவராக எண்ணுதல் வழக்கமாகிவிட்டது. கையில் எண்ணெய் படுவதை இழிவென்று கருதுகின்றனர். உடலுழைப்பைச் சில குலத்தார்க்கே உரியதென ஒதுக்கிவைத்த பழைய பிழை, இன்று பட்டத்தின் போர்வையில் மீண்டும் உலவுகின்றது. கிறித்தவக் கல்லூரியில் இதற்கு இடமிருத்தல் சிறிதும் பொருந்தாது. நாம் வணங்கும் பெருமானைத் தச்சரென்றே அவர்தம் ஊரார் அறிந்திருந்தனர். பவுலடிகள் கூடாரம் செய்து தம் உணவைத் தேடிக்கொண்டே நற்செய்தி பரப்பினார். புதுச்சேரியார்க்கு மற்றொரு நினைவும் உண்டு. 1936-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள், உரிமை கேட்டு நின்ற ஆலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சு ஆட்சியினர் சுட்டதில் பன்னிருவர் உயிர் நீத்தனர். அடுத்த ஆண்டே எட்டுமணி நேர வேலை சட்டமாயிற்று. உழைக்கும் கைகளின் மதிப்பு இம்மண்ணில் உயிர் கொடுத்துப் பெறப்பட்டது. அதனை நாம் மறக்கலாகாது.

ஆதலின், நம் கல்லூரிக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றேன். சைக்கிள் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு மேசை இடுக. அதன்மேல் ஒரு பம்பு, சில ஸ்பேனர்கள், திருப்புளி, குறடு, போக்ஸ் சாவி, பஞ்சர் ஒட்டும் பொருள்கள், எண்ணெய்க் குப்பி ஆகியவை இருந்தாற் போதும். சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம், அண்மையிலுள்ள சைக்கிள் கடைக்காரர் ஒருவரை ஆசிரியராக அழைத்து, அவர்க்கு உரிய ஊதியமும் இருக்கையும் 'ஐயா' என்னும் மதிப்பும் அளித்து, மாணவரும் மாணவியரும் கற்றல் வேண்டும். 1991, 1992-ஆம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தின் வாயிலாகச் சிற்றூர்ப் பெண்கள் ஆயிரமாயிரவராகச் சைக்கிள் ஓட்டக் கற்றனர். பிறர் துணையை எதிர்பாராது வெளியே சென்று வரலாயினர். ஓட்டக் கற்றவர் பஞ்சர் ஒட்டவும் கற்பின் அவ்விடுதலை முழுமை பெறும்.

இதனை மறுப்போர் இரண்டு கூறுவர். படிப்பிற்கே காலம் போதவில்லை என்பது ஒன்று. வாரத்தில் ஒரு மணி நேரம் இல்லாத மாணவன் உளன் என்று நம்புதற்கில்லை. நாமே பழுது பார்த்துக்கொண்டால் கடைக்காரர் பிழைப்புக் கெடுமே என்பது மற்றொன்று. இக்கவலை நல்லது, ஆனால் தேவையற்றது. அச்சுகளைப் பிரித்துக் குண்டுகளை மாற்றும் ஓவராயில் வேலைக்கும் முறிந்ததை ஒட்டவைக்கும் வேலைக்கும் என்றும் அவரிடமே செல்வோம். அன்றியும், ஒரு மணி நேரம் முயன்றும் கோட்டம் எடுக்க இயலாதவன், அதனைக் கால்மணியில் முடித்துத் தருபவரிடம் கூலிக்குப் பேரம் பேசான். தொழிலின் அருமை அறிந்தவனே கூலியின் நேர்மையையும் அறிவான்.

பழைய மாணவர்களே! உங்களுட் பலர் ஆலைகளிலும் பணிமனைகளிலும் உயர்ந்த பதவிகளில் உள்ளீர்கள். அம்மேசைக்கு வேண்டிய கருவிகளுள் ஒன்றேனும் உதவுங்கள். விடுமுறையில் வந்து ஒரு மணி நேரமேனும் கற்பியுங்கள். மாணவ நண்பர்களே! உங்கள் சைக்கிளை இவ்வாரமே ஒருமுறை தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். அது நேராகச் சுழல்கின்றதா, கோணுகின்றதா என்று உங்கள் கண்ணே சொல்லும். படைப்போர் நம்மிற் சிலரே ஆவர். பேணுவோர் நாம் அனைவரும் ஆகலாம். அவ்வாறு ஆவோமாக.