பேஸ் வாசித்தது யாருங்க?

டெட்ராய்டின் மோடவுன் கம்பெனி பாட்டுகளில் என்னை இழுத்தது அடியில் ஓடுகிற பேஸ் கிட்டார். வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். ஒற்றை ஆள்காட்டி விரலிலேயே மீட்டுவாராம்! ஆனால் மோடவுன் ஆல்பத்தில் அவர் பெயரைப் போட்டது 1971-ல், மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' உறையில்தான். முன்பே ஒரு வரி போட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்?

விளைவு, ஸ்டீவி வொண்டரின் 'ஐ வாஸ் மேட் டு லவ் ஹர்' (1967) நான் வாசித்தது என்கிறார் கேரல் கே. ஜேமர்சன் ரசிகர்கள் விடுவார்களா? 1983-ல் இறந்தவர் வந்து சாட்சி சொல்லவும் முடியாது.

எனக்கும் ஜேமர்சன் மாதிரிதான் கேட்கிறது. ஆனால் காது சொல்வதை வைத்துக் கணக்கு எழுத முடியுமா? (காமர்ஸ் புத்தி!) வவுச்சர் வேண்டும்: யாருக்குச் சம்பளம் போனது என்று காட்டும் இசைக்கலைஞர் சங்க ஒப்பந்தத் தாள். அது இல்லாத பாட்டுக்கு 'உறுதியில்லை' என்றே எழுதுங்கள் மக்களே.